ஒரு தட்டு தட்டினால் நலம்

எஞ்சின் ஓடத் தொடங்கி, அதன் இருமல் அடங்கி, சத்தம் ஒரே சீராக வந்ததும், அக்கா புறங்கையைக் கொண்டுபோய் அந்தக் கறுப்பு ரப்பர் குழாயின் மேல் வைப்பார். உள்ளங்கை அல்ல, புறங்கை. காய்ச்சல் அடிக்கிறதா என்று குழந்தையின் கழுத்தில் வைத்துப் பார்ப்பார்களே, அப்படி. விரல்கள் தளர்ந்து தொங்கும். தலை ஒரு பக்கம் சாயும். கண் மூடிக்கொள்ளும். குழாய் ஏதோ கதை சொல்வதுபோலவும் இவர் 'ம்... ம்...' கொட்டுவதுபோலவும் உதடு அசையும். பிறகு மடியில் கிடக்கும் ஸ்பானரை எடுத்து, கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் இரும்புக் கம்பத்தில் ஒரு தட்டு.

டங்.

மேலே சுக்கானைப் பிடித்து நிற்கிற தம்பிக்கு அது போதும். ஒரு தட்டு என்றால் உடம்பு நலம், நீ பாட்டுக்குப் போ என்று அர்த்தம். இரண்டு தட்டினால் வேகத்தைக் குறை. மூன்று தட்டினால் நிறுத்து. தம்பிக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மேலே இருந்து காலால் பலகையை ஓங்கி மிதிப்பான். அக்காவும் தம்பியும் இப்படித் தட்டியும் மிதித்தும்தான் எங்களை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். வாயால் பேசிக்கொள்வது சண்டைக்கு மட்டும்.

படகில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட மூத்தவர்கள்கூட, "அக்கா, கொஞ்சம் சீக்கிரம் கெளப்புங்க" என்றுதான் கெஞ்சுவார்கள். அக்கா அசைய மாட்டார். "இன்னும் தூக்கம் கலையல இதுக்கு. பச்சைப் புள்ளையை எழுப்பி உடனே ஓடு ஓடுன்னா ஓடுமா?" என்பார். எஞ்சினைத்தான் சொல்கிறார். எங்களுக்கும் தூக்கம் கலைந்திருக்காது, எங்களைப் பற்றி யாருக்குக் கவலை!

நான் அந்தக் கரையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் பிறர் கண்ணைப் பார்ப்பது தொழில். என் கண்ணை மூடிக்கொள்ளக் கிடைப்பது இந்தப் படகு ஒன்றுதான். அதனால் இடத்தைப் பார்த்துப் பிடித்து வைத்திருக்கிறேன். எஞ்சின் அறைக் கதவை ஒட்டிப் போட்டிருக்கும் பெஞ்சின் கோடி. அங்கே பலகை கதகதப்பாக இருக்கும். முதுகைச் சாய்த்தால் எஞ்சினின் அதிர்வு தோள் வழியாக ஏறி, மண்டைக்குள் போய், காலையில் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் மெல்ல உதறிவிடும். பின்பக்கத்தில் தண்ணீர் களக் களக்கென்று விழுந்துகொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே நான் போய்விடுவேன். எங்கே என்று கேட்காதீர்கள். அக்கரைக்குப் போகும் வழியில் மூன்றாவதாக ஒரு கரை இருக்கிறது, அங்கே.

அந்தத் தண்ணீர்ச் சத்தம் என்ன என்று ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். சமையலறையில் நின்று குழம்புக்குப் பக்குவம் சொல்வதுபோலச் சொன்னார். "உள்ளுக்குள்ள ஒரு தண்ணி சுத்திக்கிட்டே இருக்கும், கண்ணாடிக்காரரே. அது எஞ்சின் சூட்டை வாங்கிக்கும். வாங்கின சூட்டை எங்க கொண்டுபோய்க் கொட்டும்? அதுக்குத்தான் இந்தப் பம்பு ஆத்துத் தண்ணியை உறிஞ்சி உள்ள விடுது. ஆத்துத் தண்ணி அந்தச் சூட்டை வாங்கிக்கிட்டு, போற போக்குல புகையோட சேந்து, புகையையும் ஆத்திட்டு, பின்னாடி போய் விழுந்துடும். அதான் உங்களுக்குத் தாலாட்டு."

"ஆத்துத் தண்ணி வரலைன்னா?"

"அப்ப முதல்ல வேகறது இந்தப் புகைக் குழாய்தான். ரப்பர் பாருங்க. எஞ்சினுக்குக் காய்ச்சல் ஏறறதுக்கு முன்னாடியே இது பொசுங்கிடும். பொசுங்கிச்சுன்னா புகையும் உள்ள, தண்ணியும் உள்ள. அதனாலதான் நான் அதோட வயித்தைத் தொட மாட்டேன், கழுத்தைத்தான் தொடுவேன்."

இந்தக் கை எங்கே படித்தது என்றால், தம்பியிடம். அம்மா இல்லாத வீடு. தம்பிக்குச் சிறு வயதில் சும்மா சும்மா காய்ச்சல் வரும். அவன் கழுத்தில் வைத்து வைத்துப் பழகிய புறங்கைதான், பின்னால் அப்பா படகில் எஞ்சின் பார்த்தபோது அவருக்குச் சோறு கொண்டுபோன இடத்தில் குழாயையும் தொட்டுப் பார்த்தது. "ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் சொல்லாம கொள்ளாம சுடும், ரெண்டும் ராத்திரியெல்லாம் அனத்தும்" என்பார். மேலே இருந்து தம்பியின் குரல் வரும்: "என்னைய எதுக்கு இப்ப இழுக்கற?" அந்தச் சத்தத்திலும் இது மட்டும் அவனுக்கு எப்படியோ கேட்டுவிடும்.

உலகத்தில் நடப்பதையெல்லாம் அவர் சூட்டைக் கொண்டுதான் அளப்பார். யாராவது கோபமாகப் பேசினால், "அவரு இன்னைக்குக் கொஞ்சம் ஏறியிருக்காரு, ஆறட்டும்." கல்யாண வயசில் பெண்ணை வைத்துக்கொண்டு புலம்புகிறவரிடம், "வெதுவெதுப்பா இருக்கும்போதே பேசி முடிங்க." அவருடைய வீட்டுக்காரர் ஒரு தையல்காரர். மதியம் தூக்குப் பாத்திரத்தோடு படகுத்துறைக்கு வந்து, கழுத்தில் இன்ச் டேப் தொங்க, படிக்கட்டில் உட்கார்ந்து எங்களிடம் முறையிடுவார். "பசிக்குதுடீன்னு சொன்னா நெத்தியைத் தொட்டுப் பாக்கறா, சார். நான் என்ன, படகா?"

அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். "குளிக்கத் தண்ணி வெச்சுத் தரச் சொன்னேன். கையை விட்டுப் பாத்துட்டு, வெதுவெதுன்னு இருக்கு, போய் ஊத்துங்கன்னா. ஊத்தினேன் பாருங்க, ஒரு சொம்பு! தெருவே திரும்பிப் பாக்கிற மாதிரி கத்தினேன்." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். அக்கா மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுப் பாத்திரத்தின் மூடியைத் திருகிக்கொண்டிருந்ததை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மீட்டர் வந்தது அந்த நாட்களில்தான். படகின் முதலாளி எங்கேயோ ஒரு படகில் எஞ்சின் அறை எரிந்ததைக் கேள்விப்பட்டுப் பயந்துபோய், மெக்கானிக்கை அனுப்பிப் பொருத்தச் சொன்னார். சுக்கானுக்குப் பக்கத்தில் இரண்டு வட்டக் கண்ணாடிகள். ஒன்று உள்ளே சுற்றும் தண்ணீரின் சூட்டைக் காட்டும். இன்னொன்றிலிருந்து ஒரு கம்பி இறங்கி வந்து, அக்கா கை வைக்கிற அதே ரப்பர் குழாயின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அதன் சூட்டை அது காட்டும். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் கத்துவதற்கு அந்தக் கண்ணாடிகளுக்கு அடியிலேயே ஒரு சின்ன ஊதல். மெக்கானிக் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கிவிட்டுப் போனார். தம்பி தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். மறுநாளிலிருந்து அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை வாரத் தொடங்கினான். சீப்பையும் மீட்டருக்குப் பின்னாலேயே செருகி வைத்துக்கொண்டான்.

"மீட்டரைப் பாக்கலியா?" என்று கேட்டால், "எனக்கு எதுக்கு? கீழ அக்கா இருக்காள்ல" என்பான்.

ஊதல்தான் தொல்லையாகப் போனது. ஓடும்போது அது வாயே திறக்காது. கரைக்கு வந்து எஞ்சினை நிறுத்தினவுடன் கத்தும். நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுகிறது இல்லையா, உள்ளே மிச்சமிருக்கும் சூடு போக்கிடமில்லாமல் கொஞ்ச நேரம் மேலே ஏறும், பிறகு தானே இறங்கும். அது சும்மா ஒரு பெருமூச்சு. ஊதலுக்கு அது தெரியுமா? ஊரைக் கூட்டிவிடும். ஒருநாள் கோழிக்கூடையோடு வந்த ஒரு மனிதர் அந்தக் கத்தலைக் கேட்டு, படகு மூழ்கப்போகிறது என்று கரைக்குத் தாவி, முழங்கால் சேற்றில் நின்றார். கோழிகள் படகிலேயே இருந்தன. அன்றைக்கு அக்கா மேலே ஏறிப் போய், கை துடைக்கிற துணியைக் கிழித்துச் சுருட்டி, ஊதலின் வாயில் திணித்துவிட்டு வந்தார். "சும்மா சும்மா அழற புள்ளை. கொஞ்சம் அடங்கட்டும்" என்றார். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு இன்னும் நிம்மதி. இறங்கும் நேரத்தில் தூக்கம் கெடாமல் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம். டீக்காரர் எஞ்சின் அறை வாசலில் இரண்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார். நான் விளிம்பைப் பிடித்து எடுத்து, சூடு தாங்காமல் கை மாற்றி, ஊதி, மறுபடியும் கை மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா தன் டம்ளரை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். ஆறு அப்போது முழுக்கச் செம்பு நிறமாக இருந்தது, அவர் முகமும். ஏதோ பேசிக்கொண்டே இருந்தார், டீ கொதித்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

"அக்கா, சுடலையா?"

அவர் டம்ளரைப் பார்த்தார். அதை மெதுவாகக் கீழே வைத்தார். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "மரத்துப்போச்சு, கண்ணாடிக்காரரே" என்றார். "இத்தனை வருஷமா இந்த அதிர்வுலயே கை கெடக்குதுல்ல. நரம்பு செத்துக்கிட்டு வருதுன்னு டாக்டர் சொல்றாரு. முதல்ல விரல் நுனி. இப்ப மணிக்கட்டு வரைக்கும். அதிர்வு தெரியுது, இடிச்சா தெரியுது. சூடுதான் தெரியறதில்ல."

"அப்ப குழாய்?"

"கொஞ்சம் தெரியுது" என்றார். பிறகு, "தெரியற மாதிரி இருக்கு" என்றார்.

"தம்பிகிட்ட சொல்லுங்க."

"சொன்னா அவன் அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவான். அவனுக்கு என் மேல அவ்வளவு பாசம், பாவி." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அந்தத் தையல் மெஷின் பக்கத்துல நான் போய் எத்தனை நேரம் உக்காருவேன்? இந்தப் பெட்டி மேல உக்காந்து, இது மூச்சு விடறதைக் கேட்டுக்கிட்டு, அவன் மேல நிக்கறான்னு தெரிஞ்சுக்கிட்டு... இதை விட்டா எனக்கு எங்கங்க இடம்? நானே சொல்றேன். நேரம் பாத்துச் சொல்றேன்." வட்டச் சன்னலைக் காட்டினார். "அதோ, அது வழியா பாத்தா பின்னாடி தண்ணி விழறது தெரியும். அதையும் பாத்துக்கறேன். கை பொய் சொன்னாலும் கண்ணு சொல்லும்."

நேரம் பார்த்துச் சொல்வதாக இருந்தால் நாளைக்கே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நானே மேலே ஏறிப் போவேன் என்று சொன்னேன். "சரி, நாளைக்கு" என்றார்.

மறுநாள் பனிமூட்டம். வீட்டிலிருந்து இறங்கினவுடனேயே தெருவைக் காணவில்லை. துறையில் படகைக் காணவில்லை, எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போய்த் தட்டுத்தடுமாறி ஏறினேன். ஆட்கள் ஒவ்வொருவராக வெள்ளைக்குள்ளிருந்து வந்து உட்கார்ந்தார்கள், உட்கார்ந்ததும் பாதி காணாமல் போனார்கள். அந்த மாதிரி நாளில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. படகு நகர்ந்ததா, பனி நகர்ந்ததா, சொல்ல முடியாது. மேலே தம்பி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு, கண்ணை இடுக்கி, ஊர்ந்து ஊர்ந்து போனான். அக்கரை போனதும் அக்காவை மேலே அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே முதுகைச் சாய்த்தேன். பலகை வெதுவெதுவென்று இருந்தது. வேறென்ன, போய்விட்டேன்.

கடையில் இருக்கிறேன். ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துகளைப் படிக்கச் சொல்கிறேன். எழுத்துகள் பலகையிலிருந்து இறங்கி, தரையில் நிரம்பியிருக்கிற தண்ணீரில் மிதக்கின்றன. அவர் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் தருகிறார். எல்லாம் வெதுவெதுப்பாக இருக்கின்றன. கடைக்குப் பின்னால் யாரோ குழாயைத் திறந்து விட்டிருக்கிறார்கள், களக் களக்கென்று. நனையட்டும், அழகாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்போது யாரோ அந்தக் குழாயை மூடிவிட்டார்கள்.

ஓடுகிற மின்விசிறி நின்றால் தூங்குகிறவன் விழித்துக்கொள்வான் இல்லையா, அப்படி விழித்தேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் குரல் வறண்டிருந்தது, தொண்டை கட்டினவர் பேசுவதுபோல. மேலே தம்பி ஓங்கி மிதித்தான். டொம், டொம். அக்கா கையைக் குழாயில் வைத்தார், கண்ணை மூடினார், தலையைச் சாய்த்தார், கம்பத்தில் தட்டினார். டங். ஒன்று.

"அக்கா" என்றேன். வாய் இன்னும் கனவில்தான் இருந்தது. "தண்ணி நின்னுடுச்சு."

"எந்தத் தண்ணி?"

"பின்னாடி விழற தண்ணி."

அவர் வட்டச் சன்னலைப் பார்த்தார். அங்கே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. மறுபடியும் கையைக் குழாயில் வைத்தார். "நல்லாத்தானே இருக்கு..." என்றார். அப்போதுதான் மேலே கொசு ரீங்காரம்போல ஒன்று கேட்பது எனக்கு உறைத்தது. துணி அடைத்த வாயோடு ஊதல் கத்திக்கொண்டிருந்தது. ரப்பர் தீயும் வாடை வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். குழாயிலிருந்து மெல்லிய புகை கிளம்பி, அக்காவின் விரல்களுக்கு இடையில் நுழைந்து, சாவகாசமாக மேலே போய்க்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடி 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, கையை எடுங்க!"

கண்ணைத் திறந்தார். புகையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். முகத்தில் வலி இல்லை. இடது கையால் ஸ்பானரை எடுத்தார்.

டங். டங். டங்.

எஞ்சின் நின்றது. அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நங்கூரச் சங்கிலி கடகடவென்று தண்ணீருக்குள் ஓடி நின்றது. தூரத்தில் எங்கேயோ ஒரு கப்பல் குரல் கொடுத்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. "கரை வந்துடுச்சா?" என்று பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "இன்னும் இல்ல, தூங்குங்க" என்று வேறொரு குரல் பதில் சொன்னது.

தம்பி படியிறங்கி வந்தான். வாரின தலை கலைந்திருந்தது.

"ஏன்க்கா ஒண்ணு தட்டுன?"

அக்கா ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"முள்ளு சிவப்பைத் தாண்டி நிக்குது. தற்செயலாத்தான் பாத்தேன். அப்பவும் உன்னைக் கேக்காம நிறுத்தக்கூடாதுன்னு மிதிச்சுக் கேட்டேன். நீ ஒண்ணு தட்டுன. சரி, மீட்டருக்குத்தான் பைத்தியம், அக்கா சொன்னா சரியா இருக்கும்னு நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு இருக்கேன். இத்தனை பேரு உக்காந்திருக்காங்க, அக்கா. கப்பல் போற வழி இது. யாரை நம்பறது நான்?"

அக்கா வலது கையை நீட்டினார். புறங்கை முழுக்கச் சிவந்து, நடுவில் தோல் உப்பிக்கொண்டிருந்தது. தம்பி அதைப் பிடித்தான். கோபம் அப்படியே நின்றுவிட்டது.

"வலிக்குதா?"

"இல்லடா."

"எப்படி இல்ல? இப்படிப் பொத்துப்போயிருக்கு!"

"தெரியலடா. ரொம்ப நாளாவே தெரியல."

தம்பி எஞ்சின் அறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்காவின் கையை விடவில்லை. ஆற்றுத் தண்ணீரை வாளியில் மொண்டு கொடுத்தேன்; அந்தக் கையை அவன் தண்ணீருக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டான். "எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா?" என்றான்.

"சொன்னா நீ என்னை வீட்ல உக்கார வெச்சிடுவ."

அவன் யோசித்தான். "வெச்சிருப்பேன்தான்" என்றான்.

"அதான் சொல்லல." அக்காவுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. "தப்புதாண்டா. ஊதல் வாயில துணியைத் திணிச்சவளும் நான்தான். கரைக்குப் போனதும் முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன். வேற ஆளைப் போடட்டும்."

தம்பி எழுந்து மேலே போனான். கொஞ்ச நேரத்தில் ஊதல் முழுத் தொண்டையில் அலறியது. துணியைப் பிடுங்கிவிட்டான். பனிக்குள் எங்கெங்கோ உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் துள்ளி விழுந்தார்கள். குழாய் ஆற ஆற அது முனகி, விக்கி, அடங்கியது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

பிறகு அவன் டார்ச்சோடு இறங்கி வந்து பிடித்துக்கொள்ள, அக்கா வேலையில் இறங்கினார். தண்ணீர் உறிஞ்சும் வாயை அடைத்துவிட்டு, வடிகட்டியின் மூடியைத் திருகித் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் பை, சுருண்டு மடங்கி, கச்சிதமாக அடைத்துக்கொண்டிருந்தது. அதை இழுத்துத் தூரப் போட்டார். பம்பைக் கழற்றினார். தண்ணீரில்லாமல் சுற்றியதில் உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரத்தின் இதழ்கள் பிய்ந்திருந்தன. புதுச் சக்கரம் ஒன்று, வீட்டுக்காரரின் வெட்டுத்துணியில் பொதிந்து, பெட்டிக்கடியில் வைத்திருந்தார். பிய்ந்துபோன இதழ்கள் எங்கேயாவது போய் அடைத்துக்கொள்ளுமே என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பொருத்திப் பார்த்த பிறகுதான் பம்பை மூடினார். ரப்பர் குழாயை முழுக்கத் தடவி, கருகிய இடத்தில் தகரப்பட்டை போட்டு இறுக்கினார். கரை வரைக்கும் தாங்கும் என்றார். எல்லாம் இடது கையால். வலது கை பிடிக்க மட்டும். தம்பி டார்ச்சைப் பிடித்தபடி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னிடம் புதிதாகப் பிரித்த கண்ணாடி துடைக்கிற துணி இருந்தது. மஞ்சள் நிறம், மெத்தென்று இருக்கும். காயத்தின் மேல் அழுத்தாமல் சுற்றிக் கட்டிவிட்டேன். "எண்ணெய்க் கறை பட்டுடும்" என்று அக்கா கையை இழுத்தார். படட்டும் என்றேன்.

"எல்லாம் மாட்டியாச்சா?" என்று தம்பி கேட்டான்.

"ஆச்சு."

"அப்ப உக்காரு" என்றான். அக்கா புரியாமல் நின்றார். அவன் ஸ்பானரை எடுத்து அவர் மடி இருக்க வேண்டிய இடத்தில், அந்தப் பெட்டியின் மேல் வைத்தான். "பம்பை இப்படிக் கழட்டிப் பூட்ட நான் யாரைப் போய்த் தேடுவேன்? முதலாளிகிட்ட சொல்லலாம். ரெண்டு பேருமா போய்ச் சொல்லலாம். இப்ப உக்காரு." சொல்லிவிட்டு மேலே ஏறினான். சீப்பை மீட்டருக்குப் பின்னாலிருந்து உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வது படி வழியாகத் தெரிந்தது. கண்ணாடியை முழங்கையால் துடைத்தான்.

எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. நான் படகின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து கேட்டேன். களக். களக். களக். பனி மெல்லப் பிரிந்துகொண்டிருந்தது. ஓர் ஓரத்தில் தண்ணீரும், அதன் மேல் கொஞ்சம் வெளிச்சமும் திரும்பி வந்திருந்தன. என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். தூக்கம் வரவில்லை.

அக்கா பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். சத்தம் சீரானதும் வலது கை தானாகக் குழாயை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. போன கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல, மஞ்சள் துணியோடு அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். கம்பத்தில் ஒன்றும் தட்டவில்லை.

அப்போது மேலே பலகை அதிர்ந்தது.

டொம்.

ஒன்றுதான். அக்கா நிமிர்ந்து பார்த்தார். அடுத்ததுக்குக் காத்திருந்தார், அடுத்தது வரவில்லை. பிறகு அந்தக் கையை மெல்ல உயர்த்தி, தம்பி மேலே நிற்கிற இடத்துக்கு நேர்கீழே, கூரைப் பலகையின் மேல் புறங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.